யாரும் ஊற்றாத பீர்

என் தம்பி இறந்த அன்று அவன் வாயில் பீர் வாடை அடித்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கவனித்தார்கள். இன்றைக்கும் அவன் பேச்சு வந்தால் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முந்தின பதினான்கு மாதங்களில் அவன் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்கவில்லை. அதைச் சொல்ல இப்போது என்னை விட்டால் ஆள் இல்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் நானும் சொல்லவில்லை.

கடையில் அவனை எல்லோரும் நுரை என்று கூப்பிட்டார்கள். கடை என் கணவருடையது. ஆறு மேசை, நான்கு பீர்க் குழாய், பின்னால் பீப்பாய்கள் நிற்கும் குளிர் அறை, மாடியில் தம்பி தங்கியிருந்த ஒரு சின்ன அறை. குழாயடியில் நின்று ஊற்றுவது அவன் வேலை. தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, பாதியில் நிமிர்த்தி, விளிம்பில் ஒரு விரற்கடை நுரை நிற்கும்படி ஊற்றுவான். ஒருநாளும் அது கூடியதில்லை, குறைந்ததில்லை. தினமும் சாயங்காலம் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தீப்பெட்டியை வைத்து அளந்து பார்த்துவிட்டு அந்தப் பெயரை வைத்தார்.

அதற்கு முன்னால் அவன் பார்சல் வண்டி ஓட்டினான். ஓட்டிக்கொண்டே குடித்தான். குடித்துவிட்டுச் செய்வது எதுவும் மறுநாள் அவனுக்கு நினைவில் இருக்காது. ஒருமுறை எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மெஷினை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். காலையில் எழுந்து, "மெஷின் எங்கக்கா?" என்று என்னையே கேட்டான். நான் விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் யோசித்தான்.

"யாருக்குக் குடுத்தேன்னு மட்டும் தெரிஞ்சா நானே போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துடுவேன்க்கா."

எனக்கு அத்தனை கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒரு காலை வண்டியை மதிலில் கொண்டுபோய் மோதினான். வேலையும் போயிற்று, லைசென்ஸும் போயிற்று.

குடியை நிறுத்த ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூன்றாம் நாள் சுவரைக் காட்டி, "எறும்பு போகுது பாருக்கா, வரிசையா" என்றான். சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது. அவன் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனான். அறுபதைத் தாண்டியதும் நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கடையில் நிற்கிறேன் என்றான். நானும் கணவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

"குளத்துக்குள்ள நின்னுக்கிட்டு நனையாம இருப்பேங்கிற. நடக்கிற கதையா மாப்ள?" என்றார் கணவர்.

"ஓடி ஒளிஞ்சா அது என்னைத் தேடிக்கிட்டு வரும் மாமா. எதிர்லயே நின்னுட்டேன்னா அதுக்கே போரடிச்சுப் போயிடும்."

கணவர் ஒரு நிபந்தனை போட்டார். தினமும் வேலை முடிந்ததும் தம்பி அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊத வேண்டும். கடைசி வாடிக்கையாளர்கள் எழுந்து போவதற்குள்ளேயே அது நடக்கும். "ஊது" என்பார். அவன் ஊதுவான். "மாமா, மதியம் பூண்டு சாப்பிட்டேன், பாத்து நில்லுங்க" என்று தமாஷ் பண்ணிக்கொண்டே ஊதுவான். நாலு பேர் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் அவன் காது மடல் சிவந்திருக்கும். சிறு வயதிலிருந்தே அவமானப்பட்டால் அவனுக்குக் காதுதான் முதலில் சிவக்கும். ஒரு வருடம் அப்படி ஊதினான்.

அந்த ஊதலை நிறுத்துவதற்காகத்தான் அவன் மீட்டர் செய்தான்.

பெரிய கடைகளில் காசு கொடுத்து வாங்கி மாட்டுவதை அவன் தன் கையால் செய்தான். வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு பீர்க் குழாயின் வழியிலும் கட்டைவிரல் அளவு ஒரு பிளாஸ்டிக் மீட்டர். அதற்குள் காந்தம் வைத்த ஒரு குட்டிச் சக்கரம். பீர் ஓடினால் சக்கரம் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒயர் வழியாக ஒரு துடிப்பு போகும். சீட்டுக்கட்டு அளவு ஒரு போர்டு அந்தத் துடிப்புகளை எண்ணி, எவ்வளவு பீர் போயிற்று என்று கணக்கிடும். குழாய்களுக்கு மேலே ஒரு பழைய கம்ப்யூட்டர் திரையை மாட்டினான். அதில் நான்கு பீப்பாய்ப் படம். ஊற்ற ஊற்றப் படத்தில் மட்டம் இறங்கும், அடியில் எத்தனை லிட்டர் மீதி என்று எண் வரும்.

ஒரு லிட்டருக்கு எத்தனை துடிப்பு என்று கண்டுபிடிக்க நாற்பது தடவை தண்ணீரை அளந்து ஊற்றினான். சாக்கடையில் ஓடிய தண்ணீரைப் பார்த்து, "செடிக்காவது ஊத்தேன்டா" என்றார் கணவர். எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதினான். பக்கத்துக்கு நான்கு பத்தி: தேதி, செய்தது, நடந்தது, அடுத்து. பள்ளியில் ஒரு நோட்டையும் முடிக்காதவன் இதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான்.

திரையை முதலில் போட்ட நாளில் தபால்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"என்ன நுரை, உன் டிவியில என்ன படம் ஓடுது?"

"நாலு படம் சார். உங்க படம் ரெண்டாம் நம்பர். நீங்க வந்தாலே மளமளன்னு ஓடுது."

கடை ஓய்ந்ததும் அவன் என் கணவரிடம் போய் நின்றான். "இனிமே ஒவ்வொரு தம்ளருக்கும் பில்லு இருக்கு, மேல எண் இருக்கு மாமா. ரெண்டும் ஒத்துப்போனா நான் குடிக்கலைன்னு அர்த்தம். இனிமே ஊத வேண்டாம்ல?"

கணவர் திரையையும் அவனையும் பார்த்தார். "சரிடா. இனிமே உன் டிவியே ஊதட்டும்" என்றார்.

அன்று தம்பி என் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

மூன்று வாரம் பில்லும் எண்ணும் சொல்லிவைத்தாற்போல ஒத்துப்போயின. நான்காம் வாரம், கடை விடுமுறை நாளில், நான் பின்கட்டைச் சுத்தம் செய்யப் போனேன். எனக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. எதுவும் வரிசையில் இல்லாவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். குளிர் அறையிலிருந்து குழாயடி வரை தம்பி இழுத்திருந்த நான்கு ஒயர்களும் கொடி மாதிரி தொங்கின. மூன்றாவதுதான் மிக நீளம், தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதே சுவரில் ஒரு தடித்த கறுப்பு ஒயர் நேர்க்கோடாக ஓடியது. குளிர் அறைக் கம்ப்ரசருக்குக் கரண்ட் போகும் ஒயர். நூலகத்திலிருந்து கொண்டுபோன பிளாஸ்டிக் பட்டைகளால் மூன்றாம் ஒயரை அதனோடு சேர்த்து, சாணுக்கு ஒரு கட்டாக, பதினோரு கட்டுப் போட்டேன். மிச்ச மூன்றையும் மேலே ஆணியில் சுற்றிவிட்டேன். பட்டைகளின் வாலைக்கூடக் கத்தரித்தேன்.

தம்பி வந்து பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, கடையை லைப்ரரி ஆக்கிட்ட. இனிமே பீரை ஊத்தித் தர மாட்டேன். பதினாலு நாளைக்கு இரவல்தான்."

அந்த வாரமே மூன்றாம் குழாயின் எண் தனியாக இறங்கத் தொடங்கியது.

மூன்றாம் குழாயில் இருந்தது கறுப்பு பீர். கசப்பு அதிகம், நாளைக்கு நாலைந்து தம்ளர் போனால் பெரிது. ஒரு பீப்பாய் மாதக்கணக்கில் நிற்கும். பில்லில் ஒரு லிட்டர் என்றால் திரையில் மூன்று குறைந்திருந்தது. இரண்டு நாள் தவறு என்று விட்டார்கள். நாலாம் நாள் கணவர் பில்களை மேசையில் பரப்பினார்.

"மூணாம் நம்பர்ல என்ன மாப்ள, ஓட்டையா?"

"ஓட்டைன்னா தரையில ஈரம் இருக்கணும் மாமா. ஈரமே இல்ல. மீட்டர்ல ஏதோ அழுக்கு. கழுவிடறேன்."

அவன் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான். நோட்டில் அந்தப் பக்கம் சுத்தமான கையெழுத்தில் இருக்கிறது. மீட்டரைக் கழற்றி வெந்நீரில் கழுவினேன். குறைகிறது. இரண்டாம் மீட்டரை மூன்றிலும், மூன்றாம் மீட்டரை இரண்டிலும் மாட்டினேன். மூன்றுதான் குறைகிறது. போர்டில் இணைப்பை மறுபடி பற்றவைத்தேன். குறைகிறது. கரண்ட் தரும் அடாப்டரை மாற்றினேன். குறைகிறது. 'அடுத்து' என்ற நாலாம் பத்தியில் ஒவ்வொரு நாளும் ஒரு புது யோசனை இருக்கும். மூன்றாம் பத்தியில் அதே ஒரு சொல்.

மீட்டரை மாற்றி மாட்டியதுதான் அவனுக்கு வினையாயிற்று. கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"மீட்டரை மாத்தினாலும் மூணுதான் குறையுது. அப்போ தப்பு மீட்டர்ல இல்ல. மூணாம் குழாய்ல என்ன இருக்கு?"

"கறுப்பு."

"உன் தம்பி முன்னாடி எதைக் குடிப்பான்?"

நான் அவர் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டேன்.

"கடை மூடின நேரத்துலதான் பாதிக்கு மேல குறையுது. மாடியில யார் தூங்கறா? சாவி யார்கிட்ட இருக்கு? நான் ஒண்ணும் அவன் மேல பழி போடல. அவன் செஞ்ச மெஷின்தான் சொல்லுது."

அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். முன்பும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு பீப்பாயில் பீர் இருக்கிறதா என்று பார்க்க அதைப் பிடித்து ஆட்டினால் போதும். மற்ற மூன்றையும் கணவர் அப்படித்தான் முழங்காலால் இடித்துப் பார்ப்பார். கறுப்பு மட்டும் வடிகட்டாத பீர். அடியில் வண்டல் படிந்திருக்கும். அசைத்தால் கலங்கிவிடும், இரண்டு நாள் யாருக்கும் ஊற்ற முடியாது. ஆகவே குளிர் அறைக் கதவில் தம்பி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான்: 'கறுப்பைத் தொடாதே.' கடையில் எல்லோரும் மதித்த ஒரே சட்டம் அது. அவன் போட்ட சட்டம்.

"திரையில பூஜ்யம் வரட்டும்க்கா" என்றான் என்னிடம். "அதுக்கப்புறமும் குழாய்ல பீர் வரும். அப்போ மாமாவே பாப்பாரு. இன்னும் ஒரு வாரம்தான்."

அந்த ஒரு வாரத்தை அவனால் தாண்ட முடியவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து, வாடிக்கையாளர்கள் இன்னும் இருக்கும்போதே, அவனாகவே கணவரின் முன்னால் போய் நின்றான். "ஊதட்டுமா மாமா?" என்றான். கணவர் கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காலையில அஞ்சு மணிக்குக் குடிச்சா இப்போ எப்படிடா தெரியும்? போ, தம்ளரைக் கழுவு" என்றார். தபால்காரர் தன் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். அன்று அவன் காது சிவக்கவில்லையாம், முகமே வெளுத்துவிட்டதாம்.

அடுத்த நாள் காலையில் தம்பி எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், எண்ணு தானா குறையுது. குழாய்ல யாரும் இல்ல. கடை பூட்டியிருக்கு. ரெண்டு தடவை பாத்துட்டேன். நீ வந்து ஒரு மணி நேரம் உக்காரு. நான் பாக்கறதை நீயும் பாத்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

எட்டே முக்காலுக்குப் போனேன். நூலகத்தை ஒன்பதரைக்குத் திறக்க வேண்டும். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. தெருவில் யாரோ சாலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு உயரமான ஸ்டூல்களைத் திரைக்கு எதிரே போட்டு வைத்திருந்தான். மூன்றாம் பீப்பாயின் அடியில் 11.4 என்று இருந்தது.

"கண்ணை எடுக்காதக்கா."

உட்கார்ந்து பார்த்தோம். 11.4. அவன் கைகளைத் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு, சிறுவனாக இருந்தபோது மீன் தொட்டியின் முன்னால் உட்கார்வது போல உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து மூன்று நாள் ஆகியிருக்கும். அவனிடம் பீர் வாடை அடித்தது. ஆனால் அது எப்போதும் அடிப்பதுதான், நாள் முழுக்க அதில் நிற்பவன். அவன் மூச்சிலா சட்டையிலா என்று நான் மெல்ல முகர்ந்து பார்த்தேன். அதை அவன் கவனித்தான்.

"சட்டைதான்க்கா" என்றான்.

11.4.

"நாம பேசறதாலதான் வரலையோ என்னமோ" என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு பேசாமல் இருந்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐந்து. இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"பீப்பாயைத் தூக்கியே பாத்துடலாமேடா. கலங்கினாக் கலங்கிட்டுப் போகட்டும்" என்றேன்.

"பயமா இருக்குக்கா. லேசா இருந்துட்டா?"

"என்னது?"

"மெஷினைத் தூக்கிக் குடுத்தது எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரல. எறும்பும் அன்னிக்கு எனக்கு நிஜமாத்தான் தெரிஞ்சது. ஒவ்வொரு காலும் தெரிஞ்சது." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "நீ போய்த் தூக்கிப் பாரேன். நான் இங்கயே இருக்கேன்."

குளிர் அறை பத்தடி தூரம். நான் கைப்பையைத் தோளில் மாட்டினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. லேசாக இருந்துவிட்டால் அதை அவனிடம் சொல்ல வேண்டியவள் நான்.

"நாளைக்கு உன் மாமாவோட வந்து பாக்கறேன். மறுபடி அந்த டாக்டரை ஒருதடவை பாத்துட்டு வந்துடலாமாடா?"

"சரிக்கா" என்றான்.

எதற்கும் ஒரே தடவையில் சரி சொல்கிறவன் அவன் இல்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டே வெளியே வந்து பஸ் ஏறினேன்.

மதியம் கணவர் கடைக்குப் போனபோது தம்பி, "ஒயரை மட்டும் மாத்திப் பாத்துடறேன் மாமா. அது ஒண்ணுதான் பாக்கி" என்றிருக்கிறான். கணவர் கையை நீட்டி, "நீ மாத்தினது போதும். குளிர் ரூம் சாவியைக் குடு. நாளையிலேர்ந்து நீ மேசை துடை, ஊத்த நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அவன் சாவியைக் கொடுத்துவிட்டு, மேசைகளை எல்லாம் ஒருமுறை துடைத்துவிட்டு, நான்கு மணிக்கு வெளியே போனான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று தம்ளர் கறுப்பு, நிதானமாக. அங்கே ஊற்றியவர் பிறகு எங்களிடம் சொன்னார்: நல்ல மனிதர், தகராறு எதுவும் இல்லை, முதல் தம்ளரைப் பார்த்து 'நுரை கொஞ்சம் ஜாஸ்தி' என்று மட்டும் சொன்னார். அங்கிருந்து நடந்து வரும்போது, லாரிக் கிடங்கின் வாசலில், பின்னால் வந்த ஒரு லாரி அவனைப் பார்க்கவில்லை. அவனும் அதைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கணவர் அவன் பக்கத்தில் குனிந்தார். பதினான்கு மாதங்களில் கடைசியாக ஒருமுறை முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் அதையே நினைத்தேன்.

ஐந்து நாள் கடை பூட்டிக் கிடந்தது. ஆறாம் நாள் காலையில் மாடி அறையிலிருந்து அவன் துணிகளை எடுத்து வர நான் தனியாகப் போனேன். குளிர் அறையை யாரும் அணைக்கவில்லை. ஆகவே அதே இணைப்பில் இருந்த திரையும் எரிந்துகொண்டிருந்தது. மற்ற மூன்று பீப்பாய்ப் படங்களின் எண்களும் அப்படியே இருந்தன. மூன்றாம் குழாயின் கீழே -1.8 என்று இருந்தது.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. எண் பூஜ்யத்தில் நிற்க வேண்டும் என்று போர்டுக்குச் சொல்லிவைக்க அவனுக்குத் தோன்றவில்லை. இல்லாத பீரை யாரும் ஊற்ற மாட்டார்கள் என்று நினைத்திருப்பான். ஆனால் யாரோ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கடை பூட்டியிருந்தது. மாடியில் யாரும் இல்லை. அவன் மண்ணுக்குள் போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

இரண்டு ஸ்டூல்களும் போட்ட இடத்திலேயே இருந்தன. நான் அன்று உட்கார்ந்திருந்ததில் உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டேன். தெருவில் சாலை வேலை முடிந்துவிட்டது. கடைக்குள் சத்தமே இல்லை. இருபது நிமிடம் போயிற்று. இருபத்தைந்து. முப்பத்து நான்காம் நிமிடம் சுவருக்குப் பின்னால் கம்ப்ரசர் 'டொக்' என்று கிளம்பி உறுமத் தொடங்கியது. எண் -1.9 ஆயிற்று.

எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுபது நிமிடம் கழித்து, டொக். -2.0.

கணவருக்குப் போன் செய்தேன். வந்தார். திரையைப் பார்த்தார், நான் சொன்னதைக் கேட்டார். குளிர் அறைக்குப் போய், கதவில் ஒட்டியிருந்த தம்பியின் எழுத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்க் கறுப்புப் பீப்பாயின் காதுகளை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். பீப்பாய் எழும்பவில்லை. காலை அகட்டி வைத்து மறுபடி தூக்கினார். அரை அங்குலம் எழும்பி, கனமாகத் தரையில் உட்கார்ந்தது. உள்ளே பீர் மெதுவாகப் புரளும் சத்தம் எனக்கு வாசலில் கேட்டது. பாதிப் பீப்பாய்க்கு மேல் இருந்தது.

கணவர் அதன்மேலேயே கையூன்றிக் குனிந்து நின்றார். "ஊதட்டுமான்னு கேட்டான்டி" என்றார். "நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

நானும் உள்ளே போனேன். அங்கே குளிர் தாங்க முடியவில்லை. இருவரும் வெளியே வராமல் நின்றோம்.

துணி எடுக்க மாடிக்குப் போனபோது நோட்டு தலையணைக்கு அடியில் இருந்தது. கடைசியாக எழுதிய வரி, நான் எழுந்து வந்த அந்த நாள். 'செய்தது' என்ற பத்தியில்: அக்கா இருபது நிமிடம் உட்கார்ந்தாள். 'நடந்தது': குறையவில்லை. அவள் போய்ப் பன்னிரண்டு நிமிடத்தில் 0.1 குறைந்தது. நான் மட்டும் பார்த்தேன். 'அடுத்து': ஒயர்.

கணவர் வீட்டுக்குப் போன பிறகு பின்கட்டுக்குப் போனேன். நான் போட்ட கட்டுகள் ஒன்றுகூடத் தளரவில்லை. மூன்றாம் ஒயர் கம்ப்ரசர் ஒயரோடு ஒட்டிக்கொண்டு நேராக, அழகாக ஓடியது. எனக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் மற்ற மூன்று ஒயர்களும் மேலே ஆணியில் தனியாகத் தொங்கின, அவற்றின் எண்கள் அசையவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கம்ப்ரசர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்தத் தடித்த ஒயரில் எழும் உதறல் பக்கத்து ஒயருக்குத் தாவியிருக்கிறது. போர்டு அதைச் சக்கரத்தின் துடிப்பு என்று எண்ணியிருக்கிறது. நான் கட்டுவதற்கு முன்னால் மூன்று வாரம் எல்லாம் சரியாக இருந்தது. அவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான்: மீட்டரை, போர்டை, தன் கண்ணை, தன் ஞாபகத்தை. நான் கட்டிய கட்டை மட்டும் கடைசி வரை சந்தேகப்படவில்லை.

கத்தரிக்கோலால் பதினோரு கட்டையும் வெட்டினேன். ஒயரை எடுத்து எதிர்ச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். பழையபடி கொடி மாதிரி தொங்கியது. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். கம்ப்ரசர் ஒருமுறை கிளம்பியது. எண் -2.2 ஆகவே இருந்தது. இன்னொரு முறை கிளம்பியது. -2.2. நான்கு முறை பார்த்தேன்.

தபால்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் அழுதார். மற்றவர்களிடம் சொன்னபோது, "பாவம்" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "இருந்தாலும் அன்னிக்குக் குடிச்சிருந்தானே" என்றார்கள். ஒரு நாளைக்கும் பதினான்கு மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒயரை யார் கட்டினார்கள் என்று கணவர் இதுவரை கேட்கவில்லை. நானாகவும் இன்னும் சொல்லவில்லை. இதை அவர் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.

நீல நோட்டு என் மேசையில் இருக்கிறது. அவனுடைய கடைசி வரிக்குக் கீழே, அவன் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகளுக்குள், நான் எழுதினேன். தேதி. செய்தது: ஒயரைப் பிரித்தேன். நடந்தது: குறையவில்லை.

நாலாம் பத்தியில் எழுத ஒன்றும் இல்லை.